கை காட்டாமல் இழுக்கக் கூடாது

பம்பாயில் செம்பூரைத் தாண்டிப் போனால் அந்தக் காலத்தில் ராணுவ வண்டிகளை வரிசையாக நிறுத்தி வைக்கிற ஒரு மைதானம் இருந்தது. அறுபதுகளில் நான் அங்கே சிவிலியன் மெக்கானிக். சீருடை கிடையாது, சல்யூட் கிடையாது, காலையில் கேட்டில் பாஸைக் காட்டிவிட்டு உள்ளே போனால் சாயங்காலம் கிரீஸ் வாசத்தோடு வெளியே வர வேண்டியதுதான். என்ன வேலை என்று நான் குடியிருந்த தாராவியில் யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். ஓடாத வண்டி கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்கிற வேலை என்று சொன்னால் சிரிப்பார்கள். கெட்ட வண்டியைச் சரி செய்தால் நாலு பேர் பார்த்து மெச்சுவார்கள். கெடாத வண்டியைக் கெடாமல் வைத்திருந்தால் அதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

மைதானத்தில் பாதிக்குமேல் ட்ரெய்லர்கள். தண்ணீர்த் தொட்டி ஏற்றியது, ஜெனரேட்டர் ஏற்றியது, சும்மா மொட்டையாக நிற்பது என்று பல வகை. எதற்கும் எஞ்சின் கிடையாது, லாரி வந்து கொக்கியில் மாட்டி இழுத்தால்தான் நகரும். யாரும் வந்து இழுக்காத மாதங்கள்தான் அதிகம். ஒரே இடத்தில் நின்றால் டயரில் தரையைத் தொடுகிற பக்கம் சப்பையாகிவிடும், பேரிங்கில் இருக்கிற கிரீஸ் எல்லாம் கீழே இறங்கி மேல்பக்கம் துருப்பிடிக்கும். அதனால் மாதாமாதம் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கையால் கொஞ்சம் திருப்பி, டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு இறக்க வேண்டும். கோடு போன மாதம் எங்கே இருந்தது, இந்த மாதம் எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே வேலை நடந்ததா என்று தெரிந்துவிடும். மழைக்காலத்தில் கோடு அழிந்துபோகும், நாங்கள் திட்டிக்கொண்டே மறுபடி போடுவோம்.

மைதானத்தின் ஓரத்தில் ஷெட்டுக்குள் ரெக்கவரி வண்டிகள் நின்றன. சேற்றில் மாட்டிய லாரியையும் பள்ளத்தில் உருண்ட ஜீப்பையும் இழுத்து வெளியே போடுகிற வண்டிகள் அவை. வண்டியின் வயிற்றில் ஒரு பெரிய உருளை, அதில் விரல் தடிமனுக்கு எஃகுக் கம்பிக்கயிறு சுற்றியிருக்கும். அதை வின்ச் என்போம். அந்தக் கயிற்றைக் குறித்த காலத்தில் முழுதும் அவிழ்த்து, டீசல் துணியால் துடைத்து, எங்கேயாவது இழை அறுந்து முள்ளாக நிற்கிறதா என்று தோல் கையுறையோடு தடவிப் பார்த்து, எண்ணெய் போட்டு, மறுபடி சுற்ற வேண்டும். சும்மா சுற்றினால் தொளதொளவென்று உட்காரும், அவசரத்தில் இழுக்கும்போது மேல் சுற்று கீழ்ச் சுற்றுக்குள் புதைந்து கயிறே நாசமாகிவிடும். அதற்காக மறுமுனையில் பாரம் ஏற்றிய ஒரு ட்ரெய்லரை மாட்டி, அதன் பிரேக்கைப் பாதி பிடித்து வைத்து, முறுக்காக இழுத்துச் சுற்றுவோம்.

இது ஒரு ஆளால் ஆகிற காரியமில்லை. ஒருவர் வின்ச் லீவரில் நிற்பார், ஒருவர் கயிறு போகிற பாதையைப் பார்த்துக் கை காட்டுவார். எஞ்சின் சத்தத்தில் பேச்சு கேட்காது, அதனால் எல்லாம் கைதான். கட்டை விரலைச் சுழற்றினால் இழு, முஷ்டியை மூடினால் நிறுத்து. லீவரில் நிற்கிறவருக்குக் கயிறு தெரியாது, கை மட்டும்தான் தெரியும். கை காட்டாமல் லீவரைத் தொடக் கூடாது என்பது எங்கள் ஹவில்தாரின் முதல் பாடம். அவர் பஞ்சாபி, இதை மட்டும் எங்களுக்காகத் தமிழில் கற்று வைத்திருந்தார். "கை இல்லே, இழு இல்லே" என்பார்.

கை காட்டுவது நான். லீவரில் நிற்பவர் என் மச்சான், என் மனைவியின் அண்ணன்.

வேலை வாங்கிக் கொடுத்தது அவர்தான், பெண் கொடுத்ததும் அவர் வீடுதான். இரண்டையும் ஒரே வருஷத்தில் செய்தார். திருநெல்வேலிக்குத் தெற்கே பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் நாங்கள். கல்யாணம் முடிந்து அவளைத் தாராவிக்குக் கூட்டி வந்தேன். ஒரு கோலி, அதாவது ஒற்றை அறை. கதவைத் திறந்தால் சாக்கடை, ஆனால் பின்பக்கம் ஒரு ஜன்னல் உண்டு. அவளுக்கு அந்த ஜன்னல் பிடித்திருந்தது. தண்ணீர்க் குழாயில் மராத்திப் பெண்களோடு சண்டை போட்டே இந்தி கற்றுக்கொண்டாள். என்னை விட நன்றாகப் பேசினாள், அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு. ஏழாம் மாதம் வளையல் அடுக்கி, முறைப்படி பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு அனுப்பி வைத்தோம்.

பிள்ளை பிறந்து சில நாளில் இறந்துவிட்டது. தந்தி என் கையில் கிடைத்தபோது அங்கே எல்லாம் முடிந்திருந்தது. புறப்பட்டு வர வேண்டாம் என்று தந்தியிலேயே இருந்தது. மச்சான் ஏற்கெனவே ஊரில் இருந்தார். லீவு முடிந்து திரும்பி வந்ததும் கேட்டில் என்னைப் பார்த்து, "தங்கச்சி நல்லா இருக்கா" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேன் என்று இருந்தது, கேட்டுக்கு முன்னால் எப்படி அழுவது?

எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. தலைப்பிரசவம் முடிந்து சில மாதம் கழித்து, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சேலை, வெற்றிலை, பாத்திரத்தோடு போய்த் தாயையும் பிள்ளையையும் அழைத்து வர வேண்டும். எனக்கு அம்மா இல்லை. ஒரே அக்கா, அவளும் கொழும்பில் வாழ்க்கைப்பட்டவள். அதெல்லாம் கூடப் பரவாயில்லை. முறை என்று இருப்பதெல்லாம் பிள்ளையோடு வருகிறவளுக்குத்தான். பிள்ளை இல்லாமல் வருகிறவளை யார் போய் அழைப்பது, எத்தனையாவது மாதம் அழைப்பது, சேலை கொண்டு போவதா கூடாதா, யாரும் சொல்லி வைக்கவில்லை. தாராவியில் எங்கள் ஊர்க்காரர்கள் கோவில் கணக்கு முதல் கல்யாணப் பந்தல் வரை எல்லாவற்றுக்கும் ஒரு தீர்ப்பு வைத்திருப்பார்கள். இதைக் கேட்டால் மட்டும் வேறு பேச்சு பேசினார்கள்.

உடம்பு தேறியதும் அவர்களே அனுப்பி வைப்பார்கள் என்று நான் இருந்தேன். மச்சானின் முகத்தைப் பார்த்தால் கோபம் போல இருந்தது. பம்பாய்த் தண்ணீரும் சாக்கடையும்தான் பிள்ளையை வாங்கிவிட்டன என்று நினைக்கிறாராக்கும் என்று எனக்குள்ளே நானே வழக்கு நடத்தி, நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். அவர் பேசாததால் நான் பேசவில்லை. நான் பேசாததால் அவர் பேசவில்லை. காலையில் சயான் ஸ்டேஷனில் ஒரே ரயிலுக்கு நிற்போம், குர்லாவில் மாறுவோம், ஆனால் வேறு வேறு பெட்டி. பகல் முழுக்க ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டு வேலை செய்வோம். இழு. நிறுத்து. மெல்ல. அவ்வளவுதான் எங்கள் உறவு.

கோலியில் ஒண்டிக்கொள்ள இடம் கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பம்பாயில் ஒரு முழு அறையை ஒருத்தன் வைத்துக்கொண்டு தூங்குவது பெரிய அக்கிரமம் என்றார்கள். அவள் வந்துவிடுவாள் என்று சொல்லி எல்லோரையும் அனுப்பினேன். அடுப்பு மூலையைச் சாணி போட்டு மெழுகினேன். ஜன்னல் கம்பி துருப்பிடித்ததும் டிப்போவிலிருந்து மிச்சப் பெயின்ட் கொண்டு வந்து அடித்தேன், ராணுவப் பச்சை. ஞாயிற்றுக்கிழமையானால் மாட்டுங்காவுக்குப் போய் மார்க்கெட்டில் சுற்றுவேன். வாங்குவதற்கு ஒன்றுமில்லை. வாழை இலைக்கும் மல்லிகைக்கும் பேரம் பேசுகிற பெண்களின் தமிழைக் கேட்கத்தான் போவேன். அவர்கள் தமிழ் வேறு, ஆபீஸ்காரர் வீட்டுத் தமிழ், அவள் அப்படிப் பேச மாட்டாள். இருந்தாலும் பெண் குரலில் தமிழ். ஒரு பூக்காரி என்னை அடையாளம் வைத்துக்கொண்டு, "வாங்கவே மாட்டேங்கறேள், தினுசா நிக்கறேளே" என்று கேட்டுவிட்டாள். அதன் பிறகு அந்த வரிசைக்கே போகவில்லை.

தனிமை என்றால் ஆள் இல்லாமல் இருப்பது என்று நினைக்கிறார்கள். தாராவியில் ஆளுக்கா பஞ்சம்? பக்கத்துக் கோலியில் ஒருவர் இருமினால் என் சுவர் அதிரும். எனக்கு வேண்டிய செய்தி உலகத்தில் ஒரே ஒருவரிடம் இருந்தது. அவர் தினமும் என் எதிரில் லீவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

ஒரு நாள் ட்ரெய்லர்களின் விளக்குகளைச் சோதிக்கிற முறை வந்தது. ராணுவ ட்ரெய்லருக்குப் பின்னால் சாதாரண சிவப்பு விளக்கு தவிர, அடியில் ஒரு குட்டி விளக்கும் உண்டு. எதிரிக்குத் தெரியாமல் இருட்டில் பெரிய விளக்குகளை அணைத்துவிட்டு வரிசையாகப் போகும்போது பின்னால் வருகிற டிரைவர் அந்தச் சின்ன வெளிச்சத்தைப் பார்த்தே வருவார். பகல் வெயிலில் அது எரிகிறதா என்று தெரியாது. அதனால் ட்ரெய்லரை லாரியில் மாட்டி ஷெட்டுக்குள் கொண்டு போய், தார்ப்பாயை இறக்கி இருட்டாக்கிவிட்டுப் பார்ப்போம். மச்சான் லாரியின் சீட்டில். நான் ட்ரெய்லருக்குப் பின்னால் தரையில் குத்துக்காலிட்டு. இருவருக்கும் நடுவே ட்ரெய்லரின் முழு நீளம். அவர் சுவிட்சைப் போட்டு, "மாப்ள, எரியுதா?" என்று கேட்க வேண்டும், நான் "எரியுது" என்று சொல்ல வேண்டும். வாய் திறந்து பேச வேண்டிய ஒரே வேலை எங்களுக்கு அதுதான்.

குட்டி விளக்கு எரிந்தது. பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். சிவப்பும் எரிந்தது. சரி, விடலாம் என்றேன். அவர் காலை எடுக்கவில்லை. விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

"மாப்ள, ஒண்ணு கேக்கட்டா?" என்றது சீட்டிலிருந்து குரல். முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"கேளுங்க மச்சான்."

"எங்க வீட்டுப் பிள்ளைய வேண்டாமுன்னு வச்சிட்டியளா?"

நான் எழுந்திருக்கப் போய் ட்ரெய்லர் விளிம்பில் தலையை இடித்துக்கொண்டேன். "யாரு அப்படிச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நீங்க கூப்பிடப் போகலியே. பிள்ளை தங்கலன்னு மாப்பிள்ளைக்கு மனசு விட்டுப் போச்சோன்னு அம்மா கேட்டுக்கிட்டே இருக்காவ. நான் என்னத்தச் சொல்ல? ஒங்க மொகத்தப் பாத்தா ஒண்ணும் கேக்கத் தோணல."

"நீங்க அனுப்புவியன்னுல்லா நான் இருக்கேன்."

"கூப்பிட வராம எப்படி மாப்ள அனுப்ப? நாங்களாக் கொண்டாந்து தள்ளிட்டுப் போன மாதிரி ஆயிராதா? நாளைக்கு ஒரு பேச்சு வந்தா அவ என்ன செய்வா?"

நான் கூப்பிட வேண்டும் என்று அவர்கள், அவர்கள் அனுப்ப வேண்டும் என்று நான். இதற்குள் ஒரு வருஷம் ஓடியிருந்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மீதா, என் மீதா, இந்த முறை எல்லாவற்றையும் ஏற்படுத்தி வைத்துவிட்டு இதற்கு மட்டும் ஒன்றும் ஏற்படுத்தாமல் செத்துப்போன பெரியவர்கள் மீதா என்று தெரியவில்லை. ஆத்திரத்துக்கு அடியில் சந்தோஷமும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். அவள் அங்கே எனக்காக இருக்கிறாள். தார்ப்பாயைத் தூக்கியபோது மச்சானின் கண் கலங்கியிருந்தது, நான் கிரீஸ் கையால் என் கண்ணைத் துடைத்துக் காந்தலாக்கிக்கொண்டேன். அன்று சாயங்காலம் இருவரும் ஒரே பெட்டியில் ஏறினோம். குர்லா வரைக்கும் அவர் பேசிக்கொண்டே வந்தார்.

மறுநாளே லீவு கேட்டேன். ஹவில்தார் விஷயத்தைக் கேட்டு, பெண்டாட்டியை அழைத்து வரப் போகிறவனுக்கு இல்லாத லீவா என்று சிரித்தார். ஊருக்குச் சொல்லி அனுப்பலாமா என்று மச்சானைக் கேட்டேன். எங்கள் ஊர்க் கடைக்காரர் ஒருவர் அந்த வாரம் கிளம்புவதாக இருந்தது.

"சொல்லி அனுப்புறது மரியாதையா இருக்காது மாப்ள. நேர்ல போயி நின்னு கூப்பிடணும். சேலையோட போங்க. திடீருன்னு போயி நின்னா அவளுக்கும் சந்தோசமா இருக்கும்லா."

அதுவும் சரிதான் என்று பட்டது. மாட்டுங்காவில் ஒரு சேலை எடுத்தேன், மாம்பழ நிறம். அதே வாரம் எல்லையில் சண்டை மூண்டது.

"சுட்டி பந்த்" என்றார் ஹவில்தார். எல்லோருக்கும் லீவு ரத்து. அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் மூச்சு வாங்குகிறது. வருஷக்கணக்காக நின்ற இடத்திலேயே நின்ற ட்ரெய்லர்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஒரு சக்கரம் கூட அடம் பிடிக்கவில்லை. லாரி வந்து மாட்டியது, உருண்டது, கேட்டைத் தாண்டிப் போனது. கேட்டில் நின்று பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிமிரத்தான் செய்தது, சொன்னால் என்ன. ரெக்கவரி வண்டிகளின் கயிற்றை மறுபடி மறுபடி அவிழ்த்துச் சுற்றினோம். நானும் மச்சானும் அதுவரை அப்படி வேலை செய்ததில்லை. நான் விரலை அசைக்கும் முன்பே அவர் கை லீவரில் தயாராக இருக்கும், ஆனாலும் நான் காட்டிய பிறகுதான் இழுப்பார்.

மைதானம் காலியானது. தரையில் டயர் நின்ற இடத்தில் எல்லாம் புல் முளைக்காத திட்டுகள் கிடந்தன. சண்டை ஓய்ந்த பிறகும் லீவு திறக்கவில்லை. திரும்பி வந்த வண்டிகள் வந்த கோலத்தில் வந்தன, அவற்றைக் கழுவி அடுக்கவே மாதங்கள் ஆயின. சேலை டிரங்குப் பெட்டியில் இருந்தது. இடையில் யாரும் ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேரில் போய்க் கூப்பிடுவதுதான் மரியாதை என்று இருவரும் நம்பிக்கொண்டிருந்தோம். இதோ அடுத்த வாரம், இதோ அடுத்த மாதம் என்று தள்ளிப்போனது.

ஒரு வழியாக லீவு கிடைத்து, சென்னை மெயில் பிடித்து, அங்கிருந்து மாறி, பஸ் ஏறி அவள் வீட்டு வாசலில் போய் நின்றபோது பங்குனி வெயில். உள் கூடத்தில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி அவள். மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும். என்னைப் பார்த்ததும் மற்றப் பெண்கள் முறத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்கள். அவள் கையில் இருந்த பீடியைச் சுற்றி, நூல் கட்டி, வைத்துவிட்டுத்தான் எழுந்தாள். தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். இளைத்திருந்தாள், ஆனால் முகம் தெளிவாக இருந்தது.

சேலையை நீட்டினேன். கூப்பிட வந்திருக்கிறேன் என்றேன். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று தார்ப்பாய்க் கதையிலிருந்து லீவுக் கதை வரை எல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். இடையில் ஒரு தரம் சிரிக்கக் கூடச் செய்தாள், நான் தலையை இடித்துக்கொண்டதற்கு.

"ரெண்டு தடவ பெட்டி கட்டுனேன்" என்றாள். "ஒடம்பு தேறுனதும் ஒரு தடவ. சண்டை நின்னுட்டுன்னு சொன்னாவல்லா, அப்ப ஒரு தடவ. மத்தியான பஸ் வார நேரத்துக்குத் தல சீவிக்கிட்டு நிப்பேன். பெறவு அவுத்துட்டேன்."

"கோவமா?"

"கோவம் இருந்துது. தைப் பொங்கல் வரைக்கும் இருந்துது. இப்ப அதுவும் இல்ல." முறத்தில் சிந்திய தூளை விரலால் கூட்டினாள். "அங்கன வந்தா நீங்க விடிய வேலைக்குப் போயிருவிய. நான் அந்தக் கோலியில கதவப் பாத்துக்கிட்டு இருக்கணும். இங்கன இருந்தே கதவப் பாத்துப் பாத்து எனக்குப் போதும்னு ஆயிட்டு. இப்ப என் கைக்கு வேலை இருக்கு. இந்தப் பொம்பளப் பிள்ளைய எல்லாம் கூட இருக்காவ. நீங்க வரணுமுன்னா வாங்க. நான் வரல."

ஜன்னலுக்குப் பெயின்ட் அடித்திருக்கிறேன் என்றேன். என்ன நிறம் என்று கேட்டாள். பச்சை என்றேன். நல்லா இருக்கும் என்றாள்.

அவள் அம்மா அழுதாள், அப்பா சத்தம் போட்டார். அவள் அசையவில்லை. லீவு முடிகிற வரை அந்த வீட்டில் மாப்பிள்ளையாக இலை போட்டுச் சாப்பிட்டேன். கிளம்புகிற அன்று பஸ் நிறுத்தம் வரை வந்தாள், மாம்பழ நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு. அதைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் மனசு மாறிவிட்டாளோ என்று நினைத்துவிட்டேன். கையில் எனக்கு வழிச்சோறு மட்டும் இருந்தது.

தாதரில் ரயில் நின்றபோது பட்டப்பகல். மச்சான் பிளாட்பாரத்தில் நின்றார். வேலை நாள், அரை நாள் லீவு போட்டிருப்பார் போல. வெளுத்த சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, நகக்கண்ணில் இருந்த கிரீஸைக் கூடத் தேய்த்து எடுத்திருந்தார். என் கையில் இருந்த பையை வாங்கிக்கொண்டார்.

"டிரம் நெறய தண்ணி பிடிச்சு வச்சிருக்கேன் மாப்ள. அவ வந்ததும் குளிக்கணும்லா."

சொல்லும்போதே அவர் கண் என் தோளுக்கு மேலாகப் பெட்டியின் வாசலுக்குப் போய்விட்டது. அவருக்கு வாசல் மறைக்கிறதே என்று சற்று விலகி நின்றேன். மூட்டைகள் இறங்கின, குழந்தைகள் இறங்கின, ஒரு கிழவரைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். கடைசி ஆள் இறங்குகிற வரை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். நானும் அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன்.